சூளைத் திரையில் 1000 டிகிரி தெரிந்தால் போதுமா?

கேள்வி: சொந்தச் சூளை இல்லாததால், நான் வனைந்த ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுடப்படும் கெட்டியான மண்பாண்டம்) கோப்பைகளைக் கட்டணம் கொடுத்து ஒரு மின்சூளையில் பிஸ்க் (மேற்பூச்சுக்கு முந்தைய முதல் சூடு) சுட்டு வாங்கினேன். கிளேஸ் எனும் கண்ணாடி போன்ற மேற்பூச்சைப் பூசி அதே சூளையில் 1220 டிகிரியில் சுட்டபோது, பல கோப்பைகளில் ஊசித்துளைகளும் கொப்புளங்களும் விழுந்துவிட்டன. பிஸ்க் சூட்டில் திரை 1000 டிகிரி காட்டியது, குறை உங்கள் கிளேஸில்தான் என்கிறார் உரிமையாளர். நான் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால், ஊசித்துளைக்குக் காரணங்கள் பல என்பதால், குறை பிஸ்க் சூட்டில்தான் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வீணான கோப்பை ஒன்றை உடைத்து, சுவரின் குறுக்குவெட்டைப் பாருங்கள். வெளிர்நிறக் களிமண்ணாக இருந்தும் நடுவில் சாம்பல் அல்லது கறுப்புப் பட்டை ஓடினால், உள்ளே கரி எரியாமல் தங்கியிருக்கிறது என்று பொருள். களிமண்ணில் இயல்பாகவே உள்ள கரிமப் பொருள் பெரும்பாலும் 700 முதல் 900 டிகிரிக்குள் எரிந்து வெளியேற வேண்டும். அதற்கு நேரமும் காற்றோட்டமும் தேவை. அந்தக் கட்டத்தை அவசரமாகக் கடந்தாலோ, கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக நெருக்கி அடுக்கினாலோ, சூளை 1000 டிகிரியைத் தொட்டும் பயனில்லை. மிஞ்சிய கரி, பிறகு கிளேஸ் உருகும் நேரத்தில் வாயுவாகக் கிளம்பி அதைத் துளைத்துக்கொண்டு வெளிவரும்.

திரையில் தெரியும் எண், தெர்மோகப்பிள் எனும் சூடு அளக்கும் உணரியின் முனை இருக்கும் இடத்தின் சூட்டை மட்டுமே சொல்கிறது. மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் சூடு வேறுபடலாம். பழைய தெர்மோகப்பிள் தவறாகவும் காட்டலாம். மண் உண்மையில் எவ்வளவு வெந்தது என்பதற்கு, பாண்டங்களின் அருகே வைக்கப்படும் கோன் எனும் சிறு கூம்புதான் நம்பகமான சாட்சி, ஏனெனில் அது சூட்டின் அளவையும் அது நீடித்த நேரத்தையும் சேர்த்தே உணர்ந்து வளைகிறது. பிஸ்க் சூட்டுக்குப் பொதுவாக 06 முதல் 04 வரையான கோன்கள், அதாவது ஏறத்தாழ 1000 முதல் 1060 டிகிரி. உங்கள் சூட்டில் வைத்த கோனைக் காட்டும்படி கேளுங்கள். கட்டணம் வாங்கிச் சுட்டுத் தருபவர் கோனே வைக்காமல் திரையை மட்டும் ஆதாரமாகக் காட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

ரசீது, படங்கள், உடைந்த துண்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, உரிமையாளருக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால், புகாருக்குக் கட்டணம் இல்லை.

அடுத்த முறை, பிஸ்க் பாண்டங்களைப் பெறும்போதே ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சாமல் முத்தாக நின்றால், பெரும்பாலும் அளவுக்கு மீறிச் சுட்டிருக்கிறார்கள். அதில் கிளேஸ் சரியாக ஒட்டாது, திருத்துவதும் கடினம். தட்டினால் மந்தமாக ஒலித்து, விளிம்பு நகத்தால் சுரண்டும்போதே உதிர்ந்தால், சூடு போதவில்லை. விரிசல் இல்லாத பாண்டமானால், கிளேஸ் பூசுமுன் கூடுதல் கட்டணமின்றி மறுபடி சுட்டுத் தரும்படி கேளுங்கள்.