புது பிக்கப் வாங்கப் போகிறேன்: பொலேரோ மேக்ஸ், இன்ட்ரா, படா தோஸ்த் மூன்றில் எஞ்சின், வசதிகளை வைத்துப் பார்த்தால் எது நல்லது?

ஹெச்.பி., டார்க் (எஞ்சினின் இழுவை), மைலேஜ், பவர் ஸ்டீயரிங், ஏசி என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். என்ன லோடு, எந்த ரோடு என்று ஒரு வார்த்தை இல்லை. அதனால் நானாகவே முடிவு செய்துகொள்கிறேன்: இது உங்கள் முதல் வண்டி, லோன் போட்டு வாங்குகிறீர்கள், நீங்களேதான் ஓட்டப் போகிறீர்கள். ஏனென்றால் 2021இல் நானும் இப்படித்தான் ஒரு கணக்கு நோட்டில் கட்டம் போட்டு, மூன்று ஷோரூம் பிரோஷரையும் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கொல்லிமலை லோடு. மலையிலிருந்து வாழைத்தார், அன்னாசி, பலா சீசனில் பலா. கீழிருந்து மேலே சிமெண்ட், உரம், மளிகை. காரவள்ளியிலிருந்து ஏறும் ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவு. நான் வாங்கியது ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல் தூக்கும் வண்டி. எந்த வண்டி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அதே வண்டியை வைத்து வருஷக்கணக்காக நிம்மதியாக ஓட்டுகிறவர்கள் கீழே வந்து சண்டை போடுவார்கள், அவர்கள் சொல்வதும் பொய்யாக இருக்காது. தரையில் அது தங்கமான வண்டி. டெஸ்ட் டிரைவில் காலி வண்டியை பைபாஸில் ஓட்டிப் பார்த்தேன், கார் மாதிரி போனது. அங்கேயே மயங்கிவிட்டேன்.

முதல் மாதம் 25 மூட்டை சிமெண்ட் ஏற்றினேன். மூட்டை 50 கிலோ, மொத்தம் 1,250, லிமிட்டுக்குள்தான் என்று நினைத்தேன். நானும் கிளீனர் பையனும் சேர்ந்து 130 கிலோ, தார்ப்பாய்க்கு வைத்த இரும்புக் கம்பி, பக்கத்தில் உயர்த்திய பலகை இதெல்லாமும் எடைதான் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. (2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது, கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. என்னை அன்றைக்கு யாரும் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.) வளைவில் திரும்பும்போது வேகம் குறைகிறது, எஞ்சின் சுழலும் வேகம், அதாவது ஆர்.பி.எம்., 1,500க்குக் கீழே விழுகிறது, எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து இழுவை கூட்டும் டர்போ தூங்கிவிடுகிறது. பிரோஷரில் போட்டிருந்த டார்க் எல்லாம் அதற்கு மேலே உள்ள ஆர்.பி.எம்.மில்தான். ஹாஃப் கிளட்சில் உயிரைக் கொடுத்து ஏற்றினால் கிளட்ச் பிளேட் கருகும் வாசனை. பையன் இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தான். அப்படி மூன்று வளைவு.

சரி, ஏற்றம்தான் பிரச்சினை என்று நினைத்து இழுவை, இழுவை என்றே புலம்பிக்கொண்டிருந்தேன். உண்மையான பயம் இறக்கத்தில் வந்தது. வாழைத்தார் முழு லோடு, விடிகாலை, லேசான தூறல். மூன்றாவது கியரில் விட்டுவிட்டு பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினேன். பாதி தூரம் இறங்கியிருப்போம், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. ஒரு நாற்றம், பின்சக்கரத்தில் புகை. இரண்டாவது கியருக்குத் தட்டி, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்து, மலைப்பக்கம் ஓரமாக ஒட்டி எப்படி நிறுத்தினேன் என்று இன்றைக்கும் தெரியாது. பையன் ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை.

ஓட்டத் தெரியாதவன் மலைக்கு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். பாதி நியாயம். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது லாரி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வது. ஆனால் அன்றைக்கு வண்டியை ஆறவிட்டு இரண்டாவது கியரிலேயே இறங்கினேன், அப்போதும் எஞ்சின் பெரிதாகப் பிடிக்கவில்லை, வேகம் ஏறிக்கொண்டேதான் இருந்தது. சேந்தமங்கலத்தில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் விட்டேன். பிரேக் லைனரைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது: "ஏன் கண்ணு, நீ மேல கொண்டு போற லோடு ஜாஸ்தியா, கீழ கொண்டார்ற லோடு ஜாஸ்தியா?"

கீழே கொண்டுவருவதுதான். என் பிழைப்பே அதுதான். கட்டம் போட்ட நோட்டில் பிரேக்குக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்ட்ரா வி50ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 1.5 லிட்டர் எஞ்சின், 80 ஹெச்.பி., டார்க் 220 நியூட்டன் மீட்டர். பொலேரோ மேக்ஸ் ஹெச்.டி.: 2.5 லிட்டர், அதே சுமார் 80 ஹெச்.பி., அதே 220. பேப்பரில் இரட்டைப் பிள்ளைகள். படா தோஸ்தும் 80 ஹெச்.பி.தான், டார்க் 190. இந்த எண்களை வைத்து நீங்கள் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. சின்ன எஞ்சின் டர்போவை நம்பி அந்த எண்ணைத் தொடுகிறது. ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும் அந்த டர்போ உதவிக்கு வராது. அப்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது எஞ்சினின் அளவும் (சிசி) கியர் விகிதமும்தான். பெரிய எஞ்சின் இறக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். தரையில் ஓட்டுகிறவருக்கு இது தேவையே இல்லை, அவருக்குச் சின்ன எஞ்சின் டீசல் மிச்சம் பிடிக்கும், அவர் அதையே வாங்கட்டும். நாமக்கல்லில் முட்டை ஏற்றுகிறவருக்கு எடையைவிட லோடு ஏற்றும் தொட்டியின் நீளமும் குலுக்காத ஸ்பிரிங் பட்டையும் முக்கியம். மரவள்ளி மூட்டை ஏற்றுகிறவருக்கு எடைதான் எல்லாம். ஒரே வண்டியை இவர்கள் எல்லோருக்கும் சொல்லச் சொன்னால் எப்படி?

பிரோஷரில் கிரேடபிலிட்டி என்று ஒரு சதவீதம் இருக்கும், அதைப் பாருங்கள். 30 என்றால் 100 மீட்டர் போவதற்குள் 30 மீட்டர் உயரும் மேட்டில் ஏறும். திரும்பும் ஆரத்தையும் பாருங்கள். 5 மீட்டரா 6 மீட்டரா என்பது கொண்டை ஊசியில் ஒரே ஒடிப்பில் திரும்புவதா, நடுரோட்டில் ரிவர்ஸ் எடுப்பதா என்பதைத் தீர்மானிக்கும். ஏசி, டச் ஸ்கிரீன் எல்லாம் கடைசியில். பவர் ஸ்டீயரிங் மட்டும் விடாதீர்கள், தோள்பட்டைக்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வரும் பிஎஸ்6 டீசல் வண்டி எது எடுத்தாலும், புகைக்கரியை வடிகட்ட டி.பி.எஃப். இருக்கிறதா, புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் யூரியா திரவம் ஊற்ற வேண்டுமா என்று கேட்டு வாங்குங்கள். டி.பி.எஃப். இருக்கும் வண்டியை எப்போதும் குறைந்த வேகத்தில், குட்டி குட்டி டிரிப்பாக ஓட்டினால் கரி சேர்ந்து விளக்கு எரியும். அந்த வண்டி இருந்தபோது மலை டிரிப் முடிந்ததும் நான் சேலம் ரோட்டில் அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டுவேன், அணைந்துவிடும். டீசல் வீண்தான், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இதை எந்த ஷோரூமிலும் சொல்ல மாட்டார்கள். நான் பிக்கப் எடுத்த பிறகு எங்கள் வகையறாவில் நடந்த ஒரு கல்யாணம் பாக்கி இல்லை. பீரோ, கட்டில், சீர் சாமான், பந்தல் கம்பு எல்லாம் என் வண்டியில்தான். சித்தப்பா ஒருத்தர் மண்டபத்துக்கு மூன்று நடை அடிக்க வைத்துவிட்டு, நான் பந்தியில் உட்கார்ந்தால் "டிரைவர் அப்புறம் சாப்பிடட்டும்" என்றார். டிரைவராம். டீசலுக்கு ஒரு ரூபாய் கிடையாது, பின்கதவில் கம்பு கிழித்த கோடு மட்டும் மிச்சம். கேட்டால் உறவு போய்விடும் என்று அம்மா வாயை அடைத்துவிடுவார்.

அந்த வண்டியை இரண்டு வருஷத்தில் நட்டத்துக்கு விற்றேன். இப்போது பழைய 2.5 லிட்டர் ஒன்று ஓட்டுகிறேன், ஏசி இல்லை, சத்தம் அதிகம், இறக்கத்தில் இரண்டாவது கியரில் போட்டால் முனகிக்கொண்டே பிடிக்கிறது. ஏதோ ஒரு கம்பெனிக்கு நான் ஏஜென்ட் என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், எனக்கு யாரும் பத்துப் பைசா கொடுக்கவில்லை.

நீங்கள் டெஸ்ட் டிரைவ் போகும்போது லோடு வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் சிரித்து மழுப்புவார்கள். அப்படியானால் அதே மாடலை உங்கள் ரோட்டில் உங்கள் லோடோடு ஓட்டுகிற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். எங்கள் பக்கம் என்றால் காலை ஆறு மணிக்குக் காரவள்ளி டீக்கடையில் நின்றால் போதும், ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு லைனர் எத்தனை மாதம் வருகிறது என்று முதலில் கேளுங்கள்.