ஆர்2-வை விடுங்கள்: மேடன் ஆடுவோரின் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழில் அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேமான மேடன் என்எஃப்எல் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பட்டன் பெயர்கள் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலருக்கானவை. எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் அதே இடத்திலுள்ள பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்புக்குப் பதிப்பு சில பட்டன்கள் இடம் மாறும் என்பதால், ஆட்டத்தை நிறுத்தி கன்ட்ரோல்ஸ் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தை டிவியில்கூடப் பார்த்ததில்லை. விதிகளை எல்லாம் படித்து முடித்த பிறகுதான் இந்த கேமைத் தொட வேண்டுமா?

வேண்டாம். அடிப்படை ஒன்றுதான். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 முயற்சிகள். அதற்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மறுபடி 4 முயற்சிகள். ஒவ்வொரு முயற்சியையும் டவுன் என்பார்கள். திரையில் ‘3 & 7’ என்று தெரிந்தால் மூன்றாவது முயற்சி, இன்னும் 7 யார்டு பாக்கி என்று பொருள். களத்தின் குறுக்கே தெரியும் மஞ்சள் கோடுதான் நீங்கள் தொட வேண்டிய எல்லை. பந்தை எதிரணிப் பக்கக் களக்கோடியிலுள்ள எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோவது டச்டவுன், அதற்கு 6 புள்ளி. அதன்பின் உதைத்தால் 1, அல்லது 2 யார்டு கோட்டிலிருந்து மறுபடி உள்ளே கொண்டுபோனால் 2. பந்தை உதைத்துக் கோல் கம்பங்களுக்கு இடையே அனுப்பும் ஃபீல்டு கோலுக்கு 3.

புதியவர்கள் தடுமாறுவது நான்காவது டவுனில். அங்கே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பந்து இருக்கும் கோட்டு எண்ணோடு 17-ஐக் கூட்டினால் உதை தூரம் வந்துவிடும். எண்ட் ஸோன் 10 யார்டு, பந்தைப் பின்னால் வாங்கி ஊன்றிப் பிடிப்பதற்கு 7 யார்டு. எதிரணியின் 30 யார்டு கோட்டில் இருந்தால் 47 யார்டு உதை. நல்ல உதைப்பாளர் போட்டுவிடுவார். 40-இல் இருந்தால் 57 யார்டு, அதை நம்பி இறங்காதீர்கள். உங்கள் பாதியிலேயே மாட்டிக்கொண்டிருந்தால் யோசிக்காமல் பன்ட் செய்து, அதாவது கையிலிருந்து உதைத்து, பந்தைத் தூரத் தள்ளிவிடுங்கள்.

கேள்வி: ஓட்ட பிளே (பந்தைக் கையில் வைத்து ஓடும் ஆட்டத் திட்டம்) எடுத்தால் ஒரு யார்டு, இரண்டு யார்டுக்கு மேல் போக முடிவதில்லை. பந்தோடு ஓடும் ரன்னிங்பேக்காக வேகமானவரைத்தான் வைத்திருக்கிறேன்.

பந்து கைக்கு வந்ததும் ஆர்2-வை அழுத்துகிறீர்கள், அதுதான் காரணம். ஆர்2 முழு வேக ஓட்டம். அதை அழுத்தியிருக்கும்போது வீரரால் சட்டென்று திசை மாற முடியாது. முன்னால் இருக்கும் லைன்மேன்கள் எதிராளியைப் பிடித்துத் தள்ளி வழி திறக்க ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தால் உங்கள் ஆளின் முதுகிலேயே மோதி நிற்பீர்கள்.

இடது ஸ்டிக்கை மட்டும் வைத்து, தடுப்பவர்களின் முதுகைப் பார்த்தபடி நடத்துங்கள். இடைவெளி தெரிந்து, முயற்சி தொடங்கிய கோட்டைத் தோள் தாண்டியதும் ஆர்2. இரண்டு பேர் சூழ்ந்துவிட்டால் ஆர்1-ஐ அழுத்திப் பந்தை மார்போடு அணைத்துக்கொள்ளச் செய்யுங்கள். கூடுதலாக ஒரு யார்டு கிடைப்பதைவிட பந்து நழுவாமல் இருப்பது முக்கியம்.

பந்தைப் பின்னால் கொடுத்து முயற்சியைத் தொடங்குவதுதான் ஸ்னாப். அதற்கு முன் தலைகளையும் எண்ணுங்கள். உங்கள் பக்கம் தடுப்பவர்கள் 6 பேர், பந்துக்கு எதிரே நெருங்கி நிற்பவர்கள் 8 பேர் என்றால் எந்த ரன்னிங்பேக்காலும் ஒன்றும் ஆகாது. சதுரத்தை அழுத்தி வேறு பிளேக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பாஸ் போடுவதற்குள் பிடித்துக் கீழே தள்ளிவிடுகிறார்கள். ஒரே ஆட்டத்தில் 8 சாக். என் லைன்மேன்கள் மோசமா, நான் மோசமா?

பெரும்பாலும் லைன்மேன்கள் சரியாகத்தான் இருப்பார்கள். ஸ்னாப் ஆனதும் ஸ்டிக்கைக் கீழே இழுத்து 12, 15 யார்டு பின்னால் ஓடுவது எல்லாப் புதியவர்களுக்கும் உள்ள பழக்கம். ஆளிடமிருந்து தள்ளிப் போனால் பாதுகாப்பு என்றுதான் தோன்றும். ஆனால் ஓரத்தில் நிற்கும் டேக்கிள் என்ற லைன்மேன் எதிராளியை வெளிப்பக்கமாகச் சுற்றவிட்டு, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் கடத்திவிடத்தான் பார்க்கிறார். நீங்கள் சுமார் 7 யார்டு ஆழத்தில் நின்றால் அந்த எதிராளி உங்களைத் தாண்டிப் போய்விடுவார். 15 யார்டில் நின்றால் அவர் சுற்றி வருகிற பாதை நேராக உங்களிடம்தான் முடியும். தடுப்பவர் தன் வேலையைச் சரியாகச் செய்தும் சாக் ஆவது இதனால்தான்.

ஷாட்கன் அமைப்பில் குவார்ட்டர்பேக் ஏற்கெனவே சுமார் 5 யார்டு பின்னால் நிற்கிறார். பந்து வந்ததும் இரண்டடி பின்வாங்கி, ஸ்டிக்கை விட்டுவிடுங்கள். ஓரங்களில் நெருக்கம் வந்தால் பின்னால் போகாமல் ஸ்டிக்கை மேலே லேசாகத் தட்டி ஓரடி முன்னால் வாருங்கள். தடுப்பவர்கள் குவார்ட்டர்பேக்கைச் சுற்றிக் கட்டும் வளையம்தான் பாக்கெட்; இதைப் பாக்கெட்டுக்குள் ஏறுவது என்பார்கள். ஆர்2 பக்கம் விரலே போக வேண்டாம்: அதை அழுத்தினால் குவார்ட்டர்பேக் ஓடத் தொடங்குவார், ஓடிக்கொண்டே எறிகிற பந்தின் குறி கெடும்.

மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டரை முதல் மூன்று விநாடிதான் உங்களுக்கு. அதற்குள் யாரும் கிடைக்கவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது ரன்னிங்பேக்கை. அவரும் மூடப்பட்டிருந்தால் பக்கவாட்டில் தடுப்பாளர்களை விட்டு வெளியே வந்து, ஆர்3-ஐ, அதாவது வலது ஸ்டிக்கை உள்ளே அழுத்திப் பந்தை வெளியே எறிந்துவிடுங்கள். எறிந்துவிட்டதால் இரண்டாவது டவுனில் 10 யார்டு பாக்கி இருந்தால் சமாளிக்கலாம், சாக் ஆகி 18 யார்டு பாக்கி இருந்தால் கடினம்.

எதிரணி ஐந்தாறு பேரை மொத்தமாக அனுப்புவது தெரிந்தால் ஸ்னாப்புக்கு முன்பே எல்1-ஐ அழுத்தித் தடுப்பை அந்தப் பக்கம் சாய்க்கலாம். ஆனால் பின்னால் ஓடுகிற பழக்கத்தை விட்டாலே 8 சாக்கில் பாதிக்குமேல் மறைந்துவிடும்.

ஒன்றைச் சோதியுங்கள். கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு, மெனுவில் கர்சர் தானாக நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் ஸ்டிக் தேய்ந்துவிட்டது. ஸ்டிக்கை விட்டுவிட்டதாக நீங்கள் நினைத்தாலும் குவார்ட்டர்பேக் நகர்ந்துகொண்டே இருப்பார், கால் ஊன்றாமல் எறிவார். எத்தனை பயிற்சி செய்தாலும் அது சரியாகாது. கன்ட்ரோலரைத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) தனியாக இருப்பது தெரிகிறது, எறிகிறேன், எங்கிருந்தோ ஒருவர் வந்து பந்தைப் பறித்துவிடுகிறார். கேம் ஏமாற்றுகிறதா?

அந்த ‘எங்கிருந்தோ’ பெரும்பாலும் தற்காப்பில் கடைசியாக நிற்கும் சேஃப்டி, அல்லது முன்வரிசைக்குப் பின்னால் நின்று குறுக்கே மிதந்து வரும் லைன்பேக்கர். நீங்கள் ரிசீவரைப் பார்த்தீர்கள், அவருக்கும் உங்களுக்கும் இடையே நிற்பவரைப் பார்க்கவில்லை. ஆகவே பார்க்கும் வரிசையை மாற்றுங்கள். ஸ்னாப்புக்கு முன் முதல் பார்வை, களத்தின் ஆழத்தில் நிற்கும் சேஃப்டிகள் மேல்.

நடுவில் ஒருவர் மட்டும் ஆழமாக நின்றால் பெரும்பாலும் கவர் 3, அல்லது ஆளுக்கு ஆள் காவல். இரண்டு பேர் அகலமாகப் பிரிந்து நின்றால் கவர் 2 அல்லது கவர் 4. (கவர் என்பதோடு வரும் எண், ஆழத்தைப் பங்கிட்டுக் காப்பவர்களின் எண்ணிக்கை.) அடுத்து ஆளுக்கு ஆளா, இடத்துக்கு ஆளா என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு ரிசீவரை நகர்த்துங்கள்: வட்டத்தை அழுத்தி அவரைத் தேர்ந்து, இடது ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். அவருடனேயே ஒரு காவலர் களத்தின் மறுகோடிவரை ஓடினால் ஆளுக்கு ஆள். யாரும் பின்தொடராமல் சற்றே இடம் மட்டும் மாறி நின்றால் ஸோன், அதாவது இடத்துக்கு ஆள். சில எதிராளிகள் வேண்டுமென்றே மறைத்து நிற்பார்கள். அதனால் ஸ்னாப் ஆன முதல் நொடியில் சேஃப்டி எந்தப் பக்கம் நகர்கிறார் என்றும் ஒரு பார்வை வேண்டும்.

எங்கே எறிவது என்பது அதிலிருந்து தானே வரும். கவர் 2-இல் ஓரக் காவலருக்குப் பின்னால், சேஃப்டிக்கு முன்னால், பக்கக் கோட்டை ஒட்டி ஒரு பள்ளம் இருக்கிறது. மூலையை நோக்கி ஓடும் கார்னர் ரூட் அங்கேதான் போகும். கவர் 3-இல் ஒரே பக்கத்துக்கு ஆழம், நடு, குட்டை என்று மூன்று ரிசீவர்களை அனுப்பும் ஃப்ளட் பிளே நன்றாக வேலை செய்யும். அங்கே நிற்கும் இருவரால் மூவரையும் மூட முடியாது. கவர் 4-இல் ஆழத்துக்கு ஆசைப்படாமல் குட்டையாகப் போட்டு எடுங்கள். ஆளுக்கு ஆள் என்றால் இரண்டு பேர் குறுக்கே கடக்கிற மெஷ் பிளே; காவலர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்வார்கள்.

எறியும் விதமும் முக்கியம். ரிசீவரின் பட்டனைத் தட்டினால் பந்து உயர வளைந்து போகும், அழுத்திப் பிடித்தால் நேராகப் பாயும். குறுக்கே ஓடுபவருக்குப் பாய்ச்சல், காவலர் தலைக்கு மேலே ஆழமாகப் போட வேண்டுமென்றால் வளைவு. இதை மாற்றிச் செய்வதால் வரும் இன்டர்செப்ஷன்தான் (எதிரணி பந்தைப் பறிப்பது) அதிகம். எல்1-ஐப் பிடித்தபடி எறிந்தால் பந்து உயரமாக வரும், எல்2 என்றால் தாழ்வாக. காவலர் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது தாழ்வாகப் போடுவது பாதுகாப்பானது; உங்கள் ஆள் பிடிப்பார், அல்லது பந்து தரையில் விழும். பந்து காற்றில் வரும்போது எக்ஸ் பட்டனைப் பிடித்திருந்தால் ரிசீவர் பாதுகாப்பாகப் பிடித்து நிற்கப் பார்ப்பார். சதுரம் என்றால் பிடித்த கையோடு ஓடப் பார்ப்பார். கூட்டத்துக்கு நடுவே எக்ஸ்தான்.

கேள்வி: தற்காப்பில் எந்த வீரரை நான் இயக்க வேண்டும்?

தொடக்கத்தில் தற்காப்பு முன்வரிசையின் ஓர வீரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தவறினாலும் நஷ்டம் குறைவு. பழகியபின் நடு லைன்பேக்கர். பந்துக்காரரை நெருங்கும்போது வலது ஸ்டிக்கை மேலே தள்ளிப் பலமாக மோதுவது பார்க்க அழகு, தவறினால் ஆள் ஓடியே போய்விடுவார். பின்னால் வேறு துணை இல்லாதபோது எக்ஸ் பிடித்து நிதானமாக அணைத்து விழுத்துங்கள். அருகில் போனதும் ஆர்2-வை விட வேண்டும் என்பது இங்கேயும் பொருந்தும்.

கேள்வி: எங்கள் ஆட்டம் ஒன்று 63-56 என்று முடிகிறது, இல்லையேல் 10-7. டிவியில் வருகிற மாதிரி ஸ்கோர் வர என்ன செய்ய வேண்டும்?

நல்ல கேள்வி, அமைப்புகளில் கை வைக்கத் தயங்காதீர்கள். முதலில் விளையாட்டு பாணியை ஆர்கேடிலிருந்து சிமுலேஷனுக்கு மாற்றுங்கள். பிறகு கடிகாரம்.

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்எஃப்எல்-இன் உண்மையான ஆட்டத்தில் 15 நிமிடக் குவார்ட்டர்கள் நான்கு; இரு அணியும் சேர்ந்து சுமார் 125 பிளே ஆடும். 3,600 விநாடியை 125-ஆல் வகுத்தால் ஒரு பிளேக்கு ஏறத்தாழ 29 விநாடி. வீட்டில் நாம் சட்டென்று பிளேயைத் தேர்ந்து, 40 விநாடி பிளே கடிகாரத்தில் 30 பாக்கி இருக்கும்போதே ஸ்னாப் செய்கிறோம். பிளேக்கு 16 விநாடிதான் செலவாகிறது. 15 நிமிடக் குவார்ட்டர் வைத்தால் 225 பிளே வரை போய் 63-56 வரும். அதைக் குறைக்க 5 நிமிடமாக்கினால் 75 பிளேயில் ஆட்டமே முடிந்துவிடும்.

இதற்குத்தான் ஆக்சிலரேட்டட் கிளாக் என்று ஒரு அமைப்பு. பிளேயைத் தேர்ந்ததும் கடிகாரத்தை நீங்கள் சொன்ன விநாடிக்குத் தள்ளிவிடும். 15 நிமிடக் குவார்ட்டர், 20 விநாடி என்று தொடங்குங்கள். ஆட்டம் முடிந்ததும் புள்ளிவிவரப் பக்கத்தில் உங்கள் அணி எத்தனை பிளே ஆடியது என்று பாருங்கள். 60 முதல் 65 வந்தால் சரி. கூடினால் குவார்ட்டரை ஒரு நிமிடம் குறையுங்கள், குறைந்தால் 20-ஐ 25 ஆக்குங்கள்.

வீரர்களின் திறனைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்களை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். ஒவ்வொன்றும் 0 முதல் 100 வரை. உங்களுக்குத் தனி, கணினிக்குத் தனி. லீகில் பாஸ் வெற்றி சுமார் 65 சதவீதம், ஓட்டம் ஒன்றுக்கு 4 யார்டுக்குச் சற்று மேல். கணினி குவார்ட்டர்பேக் ஆட்டத்துக்கு ஆட்டம் 85 சதவீதம் போடுகிறார் என்றால் கணினி பக்கத்து குவார்ட்டர்பேக் அக்யுரசியை 5 புள்ளி இறக்கி, மூன்று ஆட்டம் ஆடிப் பாருங்கள். ஒரே நேரத்தில் நான்கைந்தை மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. ஒரு ஆட்டத்தை மட்டும் வைத்தும் முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: டிவி மாற்றியதிலிருந்து ஃபீல்டு கோல் எல்லாம் ஓரமாகப் போகிறது. கை அதேதான்.

டிவி படத்தைத் தாமதமாகக் காட்டுகிறது. உதைக்கும்போது திரையில் வரும் மீட்டர் சரியான இடத்தில் இருப்பதாக நீங்கள் பார்க்கும்போது கேமில் அது தாண்டிப் போயிருக்கும். டிவியில் கேம் மோடை இயக்குங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பல டிவிகளில் இந்த அமைப்பு ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனி; கேபிளை வேறு துளைக்கு மாற்றியிருந்தால் அங்கேயும் பார்க்க வேண்டும். பிறகு ஓர் இருபது உதை பழகிக்கொள்ளுங்கள். தாமதத்துக்குப் பழகிய விரல் சில நாள் முந்தி அழுத்தும்.

கேள்வி: பழைய டிஸ்க் ஒன்று கிடைக்கிறது, ‘மேடன் 25’ என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

அந்தப் பெயரில் இரண்டு விளையாட்டுகள் இருக்கின்றன. 2013-இல் தொடரின் 25-ஆம் ஆண்டு நிறைவுக்காக ஒன்று வந்தது. 2024 ஆகஸ்டில் வரிசை எண்ணாக இன்னொன்று. அட்டையின் பின்புறம் ஆண்டைப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது பழையது. பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மேடன் 26 அந்தக் கன்சோலுக்கு வரவில்லை. அவர்களுக்கு 2024-இன் 25-தான் கடைசி. சற்றுப் பழைய பதிப்பில் தனியாக ஆடக் குறையொன்றும் இல்லை; ஆனால் காலப்போக்கில் ஆன்லைன் சர்வரை மூடிவிடுவார்கள், அணிப் பட்டியலும் அந்த ஆண்டோடு நின்றுவிடும்.

கேள்வி: மகன் ‘பேக்’ வாங்கப் பணம் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அது இல்லாமல் ஆட முடியாதா?

தாராளமாக ஆடலாம், அம்மா. அது அல்டிமேட் டீம் என்ற ஒரு பிரிவுக்கு மட்டும். வீரர் அட்டைகள் அடங்கிய பொட்டலம். உள்ளே எந்த வீரர் வருவார் என்று வாங்கிய பிறகுதான் தெரியும். இந்த ஆண்டு சேர்த்த அட்டைகள் அடுத்த ஆண்டு கேமுக்கு வராது, இதை மகனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு அணியை ஆண்டுக்கணக்கில் நடத்தும் ஃபிரான்சைஸ் பிரிவுக்குக் கூடுதலாக ஒரு காசும் வேண்டாம். சம்பள உச்சவரம்பு, இளம் வீரர் தேர்வு, காயங்கள் என்று யோசிக்க அதில் நிறைய இருக்கிறது, ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள அதுவே நல்ல இடமும்கூட. கன்சோலில் அவனுக்குக் குழந்தைக் கணக்கு தொடங்கிக் கொடுங்கள். பிளேஸ்டேஷனில் மாதச் செலவு வரம்பைப் பூஜ்யமாக வைக்கலாம். எக்ஸ்பாக்ஸில் ஒவ்வொரு வாங்கலுக்கும் உங்கள் அனுமதி கேட்கும்படி அமைக்கலாம். உங்கள் கார்டு எண்ணை அவனுடைய கணக்கில் சேமித்து வைக்காதீர்கள்.