புகைப்படம் கலையா, வெறும் பொழுதுபோக்கா?

இந்தக் கேள்விக்கு ‘இரண்டும்தான்’ என்று சொல்லி நழுவ எனக்கு மனமில்லை. பொழுதுபோக்காக எடுத்த படம் கலையாக நிலைத்ததுண்டு. கலைக்கென்றே எடுத்த படம் சீண்டுவாரின்றிப் போனதும் உண்டு. எடுத்தவரின் எண்ணத்தை வைத்துக் கோடு கிழிக்க முடியாது என்பதே என் கட்சி.

இந்தச் சண்டை செல்போனோடு வந்ததல்ல. 1888-இல் அமெரிக்கத் தொழிலதிபர் ஈஸ்ட்மன் விற்ற கோடக் கேமராவின் விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள். எடுத்து முடித்ததும் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். படங்களைக் கழுவி, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1900-இல் ஒரு டாலருக்கு பிரௌனி என்ற கேமரா வந்ததும் சிறுவர்களும் எடுக்கத் தொடங்கினார்கள். புகைப்படம் கலைதான் என்று வாதாடிய அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீக்லிட்ஸ், 1902-இல் நியூயார்க்கில் தனிக் குழுவே அமைத்தார். ஆனால் அவரும் பொழுதுபோக்குக்கு எடுப்பவர்களின் கைக்கேமராவை ஒதுக்கவில்லை. 1893-இல் பனிப்புயலில் மூன்று மணி நேரம் தெருவில் காத்து நின்று, எதிரே வந்த குதிரை வண்டியை எடுத்தார். பிறகு நெகட்டிவில் வேண்டாததை ஒதுக்கிவிட்டு, வேண்டிய பகுதியை மட்டும் அச்சிட்டார்.

எனக்கு மிகப் பிடித்த சாட்சி பிரெஞ்சுப் புகைப்படக்காரர் லார்டிக். 1905-இல், பத்துப் பதினோரு வயதுப் பையனாக, பாரிஸில் தன் உறவுக்காரப் பெண் படிக்கட்டிலிருந்து குதிப்பதை எடுத்தார். நீண்ட பாவாடை, தலையில் தொப்பி, விரிந்த கைகள், தரையைத் தொடாத கால்கள்! வீட்டு விளையாட்டு, அவ்வளவுதான். ஆனால் அந்த உடல் காற்றில் நிற்கும் நொடியைப் பிடித்திருப்பதில் ஒரு தேர்ந்த கண் தெரிகிறது. 1963-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு எழுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை அவற்றை ஆல்பங்களில் ஒட்டி, பொக்கிஷமாகக் காத்து வந்திருந்தார்.

ஆகவே, சாப்பாட்டையும் பூனையையும் செல்போனில் எடுப்பவர்களைப் பார்த்து நான் முகம் சுளிப்பதில்லை. எடுத்ததைத் திரும்பிப் பார்க்க ஆளில்லாமல் போவதுதான் எனக்கு வருத்தம். நீங்களும் எடுத்துக்கொண்டே இருங்கள். ஒரு மாதத்துப் படங்களில் ஐந்தாறை மட்டும் பொறுக்கி அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். சில வாரங்கள் கழித்தும் அவற்றில் எது உங்கள் கண்ணை இழுக்கிறதோ, அதைப் பற்றி நாம் கலை என்று பேசத் தொடங்கலாம்.