வாசகர் கேள்வி–பதில்: வயலாக இருந்த வடசென்னை

கேள்வி: மணலியை ஒட்டிய எங்கள் ஊரில் ஒரு காலத்தில் சம்பா விளைந்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போது கன்டெய்னர் யார்டும் வீடுகளும்தான். அந்த விவசாய ஊரின் வரலாற்றை எழுத ஆசை. எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகி, மணலி புதுநகர்

பதில்: கிராமத்தின் ‘அ’ பதிவேட்டில், அதாவது ஊர் நிலங்களின் வருவாய்த்துறைக் கணக்கில், தொடங்குங்கள். பலர் முதலில் கோயில் கல்வெட்டையும் குடும்பப் பத்திரத்தையும் தேடிப் போகிறார்கள். அவற்றில் கோயிலும் குடும்பமும் தெரியும், ஊர் தெரியாது. ‘அ’ பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நன்செயா புன்செயா, எந்த ஏரிப் பாசனம், ஒருபோகமா இருபோகமா, மண் வகை, தரம், தீர்வை, பரப்பு எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும்.

முதல் வேலையாகப் புறம்போக்கு வரிகளை மட்டும் தனியே எழுதுங்கள்: ஏரி, வாய்க்கால், களம், மேய்க்கால், வண்டிப்பாதை, நத்தம். களம் என்று சில சென்ட் இருந்தாலே போதும், ஊரார் பொதுவில் கதிரடித்த இடம் கிடைத்துவிட்டது. பிறகு கிராம வரைபடத்தில் ஏரி, மதகு, கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்), வாய்க்கால்களை வண்ணம் தீட்டிக் கடைமடை வரை, அதாவது வாய்க்காலின் கடைசி வயல் வரை, கொண்டுபோங்கள். வரத்துக் கால்வாயை ரோடோ ரயில் பாதையோ குழாய்ப் பாதையோ எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். வரத்து அடைபட்டால் ஏரி நிரம்பாது. நிரம்பாத ஏரியில் கடைமடைதான் முதலில் காயும். அதனால் வில்லங்கச் சான்றிலிருந்து விற்பனைத் தேதிகளை எடுத்து அதே வரைபடத்தில் குறியுங்கள். கடைமடை நிலங்கள் முன்னால் கைமாறியிருந்தால், ஊரை முதலில் விட்டுப் போனது தண்ணீர்தான் என்று தைரியமாக எழுதலாம்.

அரசு நில எடுப்பில் போன நிலங்களுக்கு வேறு நிறம் கொடுங்கள். மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-லும் உர ஆலை 1971-லும் ஓடத் தொடங்கின. எடுப்பு அவற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் இருக்கும். விற்றுப் போனதையும் எடுத்துக்கொள்ளப்பட்டதையும் ஒன்றாகக் கலந்தால் வரலாறே பிசகிவிடும்.

வழக்கமாகத் தடுக்கிவிழும் இடங்கள் மூன்று. நகர நில அளவை நடந்த இடங்களில் வார்டு, பிளாக் எண்கள் வந்துவிட்டன. அவற்றை வைத்துக்கொண்டு பழைய ஆவணம் கேட்டால் கிடைக்காது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்துக் காட்டும் ஒப்புநோக்குப் பட்டியலில் பழைய புல எண்ணைப் பிடியுங்கள். அடுத்தது மாவட்டம். மணலிப் பக்கம் 1997 வரை செங்கல்பட்டு, பிறகு திருவள்ளூர், 2018 முதல் சென்னை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் செங்கல்பட்டு என்றே தேட வேண்டும். மூன்றாவது, இன்றுள்ள ‘அ’ பதிவேடு 1979-க்குப் பின் நடந்த யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும்) வேலையில் உருவானது. அதற்குள் மனையாகிவிட்ட வயல் அதில் வயலாக இராது. அதற்கு முன் தீர்வை நிர்ணயித்தபோது எழுதிய செட்டில்மென்ட் பதிவேடு வேண்டும்.

இன்னும் பின்னால் போக ஆசையிருந்தால், 1767 முதல் 1774 வரை ஆங்கிலேய நில அளவையாளர் தாமஸ் பர்னார்ட், ஆற்காடு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த ஜாகீர் (செங்கல்பட்டுப் பகுதி) ஊர்களில் எடுத்த கணக்கு இருக்கிறது. எந்தத் தொழில்காரருக்கு விளைச்சலில் எவ்வளவு பங்கு என்பது வரை ஊர்வாரியாக எழுதியிருக்கிறார்கள். இதைவிட நல்ல சொத்து நம் பக்கத்து ஊர்களுக்கு இல்லை.

கேள்வி: எங்கள் பக்கத்தில் கிணறு வற்றவில்லை. ஆனாலும் சம்பாவுக்குப் பின் போடும் நவரை நெல் நின்றுபோய், சம்பா மட்டும் சில வருடம் ஓடியது. ஏன்?
– ஒரு வாசகர், மீஞ்சூர்

பதில்: கிணற்றில் தண்ணீர் இருந்தது, ஆனால் உப்பாகிவிட்டது. கடலோர மணலில் நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கீழே உப்புநீர் சுமார் 40 மீட்டர் ஆழத்துக்குத் தள்ளி நிற்கும். நன்னீர் மட்டம் இறங்கினால் உப்பு மேலேயும் உள்ளேயும் வரும். 1960-களின் இறுதியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுத் தொகுதிகளில் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் நீர் இறைத்தார்கள். வயல்களிலும் பம்புசெட் பெருகியது. கட்டுப்படுத்தும் சட்டம் 1987-ல்தான் வந்தது.

சம்பாவுக்கு வடகிழக்குப் பருவமழை உண்டு. அது வேர்ப்பகுதி உப்பைக் கழுவிக் கீழே இறக்கும். நவரை முழுக்கக் கிணற்றை நம்பியது. வெயிலில் நீர் ஆவியாகி உப்பு மட்டும் வயலில் தங்கும். நாற்றும் பூக்கும் பயிரும்தான் உப்புக்கு அதிகம் வாடும். மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் மகசூல் சரியத் தொடங்கும். இலைநுனி கருகி, வரப்போரம் வெள்ளை பூத்ததைப் பார்த்துச் சிலர் ஜிப்சம் போட்டார்கள். ஜிப்சம், சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கு உதவும். இது உப்பு மிகுந்த உவர், நல்ல நீர் கட்டி வடித்தால்தான் போகும், அந்த நல்ல நீர்தான் இல்லாமல் போனது. பழைய அடங்கலில் (வருடாவருடம் பயிர் எழுதும் கிராமக் கணக்கு) முதலில் நவரை மறைந்து, பிறகு ‘தரிசு’ என்று வந்திருக்கும். சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாத்தாவின் பத்திரத்தில் காணி, பசலி என்று இருக்கிறது. இன்றைய கணக்கில்?
– ஒரு வாசகர், எண்ணூர்

பதில்: நம் பக்கத்துக் காணி 24 மனை, அதாவது 24 கிரவுண்டு: 57,600 சதுர அடி, 1.32 ஏக்கர். தஞ்சாவூர்க் காணி வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். பசலி என்பது வருவாய்த்துறை ஆண்டு. அதோடு 590 கூட்டினால் அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கும் வருடம் வரும். பசலி 1370 என்றால் 1960 ஜூலை முதல் 1961 ஜூன் வரை.

கேள்வி: பெரியவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?
– ஒரு மாணவி, திருவொற்றியூர்

பதில்: வருடம் கேட்காதீர்கள், நினைவிருக்காது. பழைய கிராமக் கணக்கரான கர்ணம் போய் வி.ஏ.ஓ. வந்ததற்கு (1980) முன்னா பின்னா, 1976 வெள்ளத்துக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். மதகைத் திறந்தது யார், வயலுக்கு நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிக்கு எத்தனை மரக்கால், கடைசியாகக் களத்தில் போரடித்தது யார் வீட்டு நெல் என்று குறிப்பாகக் கேளுங்கள். பட்டாதாரர்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. முதலில் அவர்கள் தெருவுக்குப் போங்கள். கூலி எத்தனை படி நெல்லாக இருந்தது, எப்போது ரொக்கமானது, வயல் போன பிறகு முதலில் எந்த வேலைக்குப் போனார்கள் என்று வீட்டுக்கு வீடு எழுதி வாருங்கள்.