எடை அதே 62 கிலோ, பாவாடை நாடா மட்டும் எட்டவில்லை

கேள்வி: எனக்கு 53 வயது. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகிறது. இரண்டு வருடமாக எடை 62 கிலோவிலேயே நிற்கிறது. ஆனால் சுடிதார் எல் அளவிலிருந்து டபுள் எக்ஸ்எல்லுக்குப் போய்விட்டது. இன்னொரு கடையில் எக்ஸ்எல்லே போதுமாக இருக்கிறது. தீபாவளிக்குத் தைத்த ரவிக்கைக்குப் பொங்கலன்று கீழ்க் கொக்கி போட முடியவில்லை, கை மட்டும் தொளதொளவென்று இருக்கிறது. பாவாடை நாடா எட்டவில்லை. எடை மெஷின் கெட்டுவிட்டதா? இணையத்தில் தைராய்டு என்று போட்டிருக்கிறது, மாத்திரை வாங்கிப் போடலாமா? கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடுவதால் இரண்டு மாதமாக கேஸ் மாத்திரை போடுகிறேன். முழங்கால் வலிக்குத் தெரிந்தவர் கொடுத்த பொடியும் சாப்பிடுகிறேன். என் கணவர் பதினைந்து வருடமாக 34 பேண்ட்தான் போடுகிறார், எனக்கு மட்டும் ஏன் இப்படி? என் அம்மா 56 வயதில் வயிற்றில் நீர் கோத்து இறந்தார்.
(வாசகி, ஈரோடு)

மருத்துவர் பதில்:

அம்மாவைப் பற்றிய அந்தக் கடைசி வரிக்குத்தான் நான் பதில் எழுதுகிறேன். அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டதா என்று கேட்கத் தயங்கி, எடை மெஷினையும் துணிக்கடையையும் சுற்றி வந்திருக்கிறீர்கள். வந்துவிட்டது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. உங்கள் வயதில் வயிறு பெருத்த பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது வெறும் கொழுப்புதான். ஆனாலும் "ஒன்றும் இருக்காது, கவலைப்படாதீர்கள்" என்று எழுதி அனுப்ப மாட்டேன். ரவிக்கையின் கை தளர்ந்துவிட்டது, பாவாடை நாடா எட்டவில்லை, நாலு கவளத்தில் வயிறு நிரம்புகிறது. இந்த மூன்றும் சில மாதங்களுக்குள் சேர்ந்து வந்திருக்கின்றன. இந்த வாரமே ஒரு மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் நேரம் வாங்கிவிடுங்கள்.

சரி, வாங்கியாயிற்றா?

கடைக்குக் கடை அளவு மாறுவதை நோய் என்று எண்ண வேண்டாம். எல், எக்ஸ்எல் என்பவை கம்பெனிக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் 1958ல் பெண்கள் உடைக்கென்று ஒரு பொது அளவே வகுத்தார்கள், 1983ல் அதையும் கைவிட்டார்கள். நம் நாட்டில் ஆடை வடிவமைப்பு சொல்லிக்கொடுக்கும் நிஃப்ட் நிறுவனம் ஆறு நகரங்களில் 25,000 பேரை அளந்து இந்திய உடம்புக்கு அளவுப் பட்டியல் தயாரிக்கும் வேலையை எடுத்துக்கொண்டதே, அப்படி ஒன்று நம்மிடம் இல்லாததால்தான். ஆகவே சுடிதாரின் கழுத்தில் தைத்திருக்கும் எழுத்தைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். எடை மெஷின் மேல் சந்தேகம் இருந்தால் பிரிக்காத 10 கிலோ அரிசிப் பையைத் தூக்கி அதன்மேல் வையுங்கள். பத்து காட்டினால் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது.

உங்கள் தையல்காரரின் நோட்டு வேறு விஷயம். அவர் எல், எக்ஸ்எல் என்று எழுதுவதில்லை. மார்பு, இடுப்பு, கைச்சுற்று என்று அங்குலத்தில் தேதியோடு எழுதி வைத்திருப்பார். அந்த நோட்டில் இருக்கும் தகவல் உங்கள் வீட்டு எடை மெஷினிடம் இல்லை. மெஷின் கூட்டிக் கழித்த விடையை மட்டும் காட்டும். கையிலும் தொடையிலும் இரண்டு கிலோ சதை கரைந்து, வயிற்றில் இரண்டு லிட்டர் நீர் சேர்ந்தால் மெஷின் 62 என்றே காட்டிக்கொண்டிருக்கும். எடை மாறவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு பலர் மாதக்கணக்கில் சும்மா இருந்துவிடுவது இதனால்தான்.

எடை மாறாமல் உருவம் மாறுவது நோயில்லாமலும் நடக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். மாதவிலக்கு நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அதுவரை இடுப்புக்குக் கீழே, தொடையில் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. கூடவே தசையும் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. நம் இந்திய உடம்புக்கு இதில் ஒரு தனி ராசி உண்டு. 2004ல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்கள், புனேயின் யாஜ்னிக், லண்டனின் யட்கின், தங்கள் இருவரின் படத்தையே போட்டு ஒரு பக்கம் எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு லண்டன்காரருக்கு 9 சதவீதம், புனேக்காரருக்கு 21 சதவீதம். எடையும் உயரமும் நம்மைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கின்றன என்று மாணவர்களுக்குக் காட்ட நான் இன்றும் அந்தப் பக்கத்தைத்தான் எடுப்பேன்.

இணையத்தில் சுற்றும் இன்னொரு படமும் இருக்கிறது. ஒரு கிலோ தசை எலுமிச்சம்பழம் அளவு, ஒரு கிலோ கொழுப்பு பூசணி அளவு. அது சுத்தப் பொய். ஐந்து கிலோ கொழுப்பு ஏறக்குறைய ஐந்தரை லிட்டர் இடத்தை அடைக்கும், ஐந்து கிலோ தசைக்கு நாலே முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கூட இல்லை. துணி பற்றாமல் போவதற்குக் காரணம் கொழுப்பு எங்கே போய் உட்காருகிறது என்பதுதான்.

ஆனால் இந்த மாற்றமெல்லாம் வருடக்கணக்கில் நடப்பவை. தையல்காரர் ஒரு வருடம் அரை அங்குலம் தையலைப் பிரித்துவிடுவார், அடுத்த வருடம் இன்னொரு அரை அங்குலம். தீபாவளிக்கு எடுத்த அளவு பொங்கலுக்குப் பற்றவில்லை என்றால் இடையில் மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்த மூன்று மாதத்தில் கை வேறு இளைத்திருக்கிறது. இவ்வளவு வேகமாகக் கொழுப்பு ஏறும் உடம்பில் பெரும்பாலும் கையும் சேர்ந்துதான் இறுகும். உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்த வரி இதுதான்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒன்று சொல்கிறேன். காலையில் எழுந்து மலசலம் கழித்த பின் பாவாடை நாடா எட்டுகிறதா? காலையில் எட்டி, சாயங்காலம் இறுகினால் காற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். காலையிலும் அதே இறுக்கம் என்றால் உள்ளே ஏதோ நிலையாக இருக்கிறது. கொழுப்பு வயிற்றைக் கையால் பிடித்துத் தூக்கலாம், தொப்புள் உள்ளே குழிந்து போயிருக்கும். நீர் சேர்ந்த வயிறு பிடிக்கு அகப்படாது, படுத்தால் விலாப்பக்கம் பிதுங்கும், தொப்புள் தட்டையாகிவிடும் அல்லது வெளியே தள்ளும். ஆனால் ஒரு லிட்டர் நீர் இருந்தால்கூடக் கையால் கண்டுபிடிப்பது எங்களுக்கே சிரமம். அதனால் தொப்புள் குழிந்துதானே இருக்கிறது என்று மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

வயிற்றில் நீர் சேர்க்கும் நோய்களில் ஒன்று சினைப்பையில் வரும் புற்றுநோய். அதற்கு ஆரம்பத்தில் பெரிய வலி இருக்காது, ரத்தப்போக்கும் பெரும்பாலும் இருக்காது. உப்புசம், சீக்கிரம் வயிறு நிரம்புதல், அடிக்கடி சிறுநீர் வருதல், அடிவயிற்றில் ஒரு கனம், இவ்வளவுதான். எல்லாமே வீட்டில் 'கேஸ்' என்று பெயர் வாங்கிவிடும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு பொது மருத்துவர்களுக்குச் சொல்லியிருக்கும் விதி எனக்குப் பிடிக்கும்: ஒரு பெண்ணுக்கு, அதிலும் 50 வயதைத் தாண்டியவருக்கு, இவற்றில் ஏதாவது ஒன்று மாதத்தில் 12 தடவைக்கு மேல் வந்தால் சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடு. குடல் எரிச்சல் நோய் 50 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிப்பது அபூர்வம் என்றும் அதே வழிகாட்டுதல் நினைவூட்டுகிறது. உங்களுக்கு இரண்டு மாதமாகத் தினமும் நடக்கிறது. இதற்கு மேல் எதற்குக் காத்திருப்பது?

மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள். உள்பரிசோதனை. மேல்வயிறு, அடிவயிறு இரண்டுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். மேல்வயிற்றை மட்டும் எடுத்து "நார்மல்" என்று கொடுத்த ரிப்போர்ட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம் சிஏ-125. கர்ப்பப்பை வாய்க்கு எடுக்கும் பாப் பரிசோதனை இரண்டு வருடம் முன் நன்றாக வந்தது என்று சொல்லி யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது சினைப்பையைப் பார்க்கும் பரிசோதனையே இல்லை.

சிஏ-125 எண்ணிக்கை 35க்கு மேல் வந்தால் உடனே இணையத்தைத் திறக்க வேண்டாம். கர்ப்பப்பைக் கட்டியிலும் கூடும், கல்லீரல் நோயிலும் கூடும், நம் ஊரில் முக்கியமாக வயிற்றுக் காசநோயிலும் கூடும். வயிற்றுக் காசநோய் அப்படியே சினைப்பைப் புற்றுநோய் வேஷம் போட்டுக்கொண்டு வரும்: அதே நீர், அதே மெலிவு, அதே சிஏ-125. புற்றுநோய் என்றே முடிவு கட்டி அழுதுகொண்டு வந்தவர்கள் ஆறு மாத மாத்திரையில் முழுக்கக் குணமாகிப் போனதுண்டு. அந்த மாத்திரையும் அரசு மருத்துவமனையில் இலவசம். ஸ்கேனில் நீர் தெரிந்தால் அதை ஊசியால் எடுத்துச் சோதிப்பதா, அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுப்பதா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். நீரை வடித்துவிட்டு, வயிறு இறங்கிவிட்டது என்று வீட்டுக்கு வந்துவிடுவது மட்டும் கூடாது.

கேஸ் மாத்திரையை நிறுத்துங்கள். நம் கடைகளில் அந்தப் பெயரில் கொடுப்பது பெரும்பாலும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது செய்த ஒரே காரியம் உங்களை இரண்டு மாதம் காக்க வைத்தது. தைராய்டு மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள். தைராய்டு குறைந்தால் உடம்பே ஊதும், கை இளைத்து வயிறு மட்டும் வராது. தேவையில்லாமல் போட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், மாதவிலக்கு நின்றவர்களுக்கு எலும்பும் தேயும். தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. மாத்திரை போடுவதை அதைப் பார்த்த மருத்துவர் சொல்ல வேண்டும்.

முழங்கால் பொடிதான் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. பெயரில்லாத, லேபிள் இல்லாத பொடி ஒன்று முட்டிவலியை இரண்டே நாளில் பறக்கச் செய்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட்டே ஆக வேண்டும். ஸ்டீராய்டும் கை கால்களை இளைக்க வைத்து வயிற்றைப் பெருக்கும். முகம் உருண்டையாகும், தோல் லேசாகி இடித்த இடமெல்லாம் கன்றிப்போகும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். உங்கள் பிரச்சினை முழுக்க இந்தப் பொடியாகவே இருக்கவும் கூடும். ஆனால் இன்றே தூக்கி எறியாதீர்கள். பல மாதம் சாப்பிட்ட ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொடியைப் பொட்டலத்தோடு மருத்துவரிடம் கொண்டு போய்க் காட்டி, எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். எப்படி நிறுத்துவது என்பதை அவர் சொல்லட்டும்.

உங்கள் கணவரின் 34 பற்றி. தொப்பை வளர வளர ஆண்களின் பெல்ட் கீழே இறங்கிக்கொண்டே போகும், அளவு மட்டும் மாறாது. பேண்ட் கட்டும் இடம் இடுப்பே இல்லை. அவரை நிற்க வைத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் டேப் பிடியுங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேல், பெண்ணுக்கு 80க்கு மேல் என்றால் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். அவருக்கு 100க்குக் குறைவாக இருந்தால் எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் அவருடைய தொப்பை வருடக்கணக்கில் வந்தது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மாவின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள் எங்காவது பீரோவில் இருந்தால் தேடுங்கள். வயிற்றில் நீர் என்பது கல்லீரலாலும் வரும், காசநோயாலும் வரும், சினைப்பையாலும் வரும். எது என்று தெரிந்தால் உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் அக்கா தங்கைகளுக்கும் மகள்களுக்கும் உதவும். சினைப்பை என்று இருந்தால், அல்லது அம்மா வழியிலோ அப்பா வழியிலோ மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால், அதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மரபணுச் சோதனை தேவையா என்று அவர் யோசிக்க வேண்டும்.

அடிவயிற்று ஸ்கேனுக்கு நாலைந்து டம்ளர் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். நேரம் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். போகும் வழியில் தையல்காரரிடம் உங்கள் பக்கத்தைத் தேதியோடு ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளி ரவிக்கையையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மருத்துவர் சிரித்தால் சிரிக்கட்டும்.