‘வருத்தம் எண்டா யோசனை இருக்கும்தானே?’

கிளினிக் வரிசையில் இருப்பவர்களோடு உளவளத்துணையாளராகப் பதினெட்டு வருடம் கதைத்திருக்கிறேன். எனக்கும் சீனி வருத்தம் உண்டு. நாட்பட்ட வருத்தத்தோடு வரும் மனச்சோர்வு, பதகளிப்பு (ஓயாத பயமும் படபடப்பும்) பற்றி நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

உப்புவெளி, 52 வயது: பதினொரு வருசமா சீனி. ரெண்டு மாசமா விடிய மூண்டு மணிக்கே முழிப்பு வந்திடுது. சமைக்கவும் மனமில்லை, கோயிலுக்குப் போகவும் மனமில்லை. ‘வருத்தம் எண்டா யோசனை இருக்கும்தானே’ எண்டு இவர் சொல்லுறார். அப்பிடியா அக்கா?

இல்லை தங்கச்சி. சீனி எண்டா காலில புண் வரும்தானே என்று மருந்து கட்டாமல் விடுவோமா? வருத்தம் வந்தால் கவலை வரும், சரி. ஆனால் இரண்டு கிழமைக்கு மேல், அநேகமான நாட்களில் நாள் முழுக்க மனம் விழுந்தே கிடந்து, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் இருக்கிறது. சீனி உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது. மனம் விழுந்தால் குளிசை தவறும், நடை நிற்கும், சீனி ஏறும். சீனி ஏறினால் உடம்பு களைத்து மனம் இன்னும் விழும். அதனால்தான் இதைத் தனியாக விட்டு வைக்கக் கூடாது என்கிறேன்.

கிளினிக்கில் இதைச் சொல்வதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும். “சுகமா?” என்று கேட்பார்கள், “ஓம்” என்று கொப்பியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். நானும் ஒரு வருடம் அப்படித்தான் வந்தேன். பிறகு ஒரு துண்டுக் கடதாசியில் எத்தனை கிழமை, நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி என்று நாலு வரி எழுதி, கொப்பிக்குள் வைத்துக் கொடுத்தேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். தைரொயிட் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். மெட்ஃபோமின் பல வருடமாகக் குடிக்கிறீர்கள் என்றால் வைட்டமின் பி12 பற்றியும் கேளுங்கள். இவை குறைந்தாலும் மனம் சோர்ந்து போகும்.

அதுவரைக்கும், மனம் வந்தபிறகு நடப்போம் என்று காத்திருக்க வேண்டாம். பின்னேரம் கடற்கரையில் பத்து நிமிடம் போதும். நடந்த பிறகுதான் மனம் வரும்.

கிண்ணியா: உம்மா இன்சுலின் போடுறவ. ராவையில வேர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடக்குது. பயத்தாலதான் எண்டு எல்லாரும் சொல்றாங்க.

தம்பி, முதலில் சீனியைப் பாருங்கள். சீனி இறங்கினாலும் இதே வேர்வை, இதே நடுக்கம்தான். கருவியில் 70க்குக் கீழே (mg/dL) என்றால் மூன்று, நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். பார்க்கக் கருவி இல்லாவிட்டாலும் முதலில் சீனித் தண்ணீரைக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். ஒருமுறை இறங்கினாலும் அடுத்த கிளினிக் வரை பொறுக்காமல் வைத்தியரிடம் சொல்லி, இன்சுலின் அளவைப் பார்க்க வையுங்கள்.

ஒவ்வொரு முறையும் சீனி சரியாக இருந்தும் இப்படி வந்தால் பதகளிப்பா என்று பார்க்க வேண்டும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஒருமுறை இறங்கிய பயத்தில் இன்சுலினையே குறைத்துப் போடுவார்கள். உம்மாவிடம் அதையும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

மூதூர், கடற்தொழில்: மாரடைப்பு வந்து நாலு மாசம். கடலுக்குப் போகப் பயமாக் கிடக்கு. மனசுக்குக் குளிசை குடிச்சா இதயத்துக்குக் கூடாதா? பழகிப் போகுமா?

அண்ணை, மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு வருவது சாதாரணம். அதை விட்டுவைப்பது இதயத்துக்கும் நல்லதில்லை. எல்லாக் குளிசையும் ஒன்றில்லை. செர்ட்ரலின் போன்றவை இதய நோயாளர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டவை. அமிற்றிப்டிலின் போன்ற பழைய வகைகளில் கவனம் வேண்டும். அஸ்பிரின் குடிப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், செர்ட்ரலின் போன்றவையோடு அது சேர்ந்தால் இரத்தக்கசிவு கூடலாம்.

இவை போதை மாதிரிப் பழகுவதில்லை. வேலை செய்ய இரண்டு முதல் ஆறு கிழமை எடுக்கும். மூன்றாம் நாளே ‘ஒண்டுமில்லை’ என்று நிறுத்துபவர்களைத்தான் அதிகம் காண்கிறேன். சுகம் வந்ததும் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், வைத்தியர் படிப்படியாகக் குறைப்பார். கடலுக்கு எப்போது போகலாம் என்று இதய வைத்தியரிடம் கேளுங்கள். முதலில் கரையில் வலை பிரிக்கும் வேலையில் தொடங்க முடியுமா என்றும் கேளுங்கள்.

நகரம்: பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறம். அது போதாதா?

நேர்த்தியைச் செய்யுங்கள், மனதுக்குப் பலம். கிளினிக்கையும் விடாதீர்கள்.

தம்பலகாமம்: இவருக்குக் கிழமைக்கு ரெண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கிறது. ‘நான் இல்லாட்டி உங்களுக்குப் பாரம் குறையும்’ எண்டுறார். போன கிழமை போகவும் மறுத்திட்டார்.

தங்கச்சி, இதை இன்றைக்கே கவனியுங்கள். களைப்பும் நித்திரைக் குறைவும் சிறுநீரக வருத்தத்திலேயே வரும். இந்தப் பேச்சு அப்படியில்லை. “சாக வேணும் எண்டு நினைக்கிறீங்களா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, சொல்ல ஒரு ஆள் கிடைத்த ஆறுதல்தான் வரும். ‘ஓம்’ என்றால் தனியே விடாதீர்கள். குளிசைகளையும் வயலுக்கு வைத்திருக்கும் மருந்தையும் பூட்டி, திறப்பை உங்களிடமே வைத்திருங்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆலோசனைக்கு 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் எடுக்கலாம். சுத்திகரிப்புக்குப் போக மறுத்ததை அங்குள்ள மிஸ்மாரிடமும் இன்றே சொல்லுங்கள்.

உங்கள் கேள்வியில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடைசியாக எப்போது நிம்மதியாக நித்திரை கொண்டீர்கள்? அதையும் எனக்கு எழுதுங்கள்.