உக்ரைனிய இலக்கணம்: 7 வேற்றுமையைப் பார்த்துப் பயமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி ஆபீஸில் வேலை பார்க்கிறேனுங்க. உக்ரைன்காரர் ஒருவரிடம் அவர் மொழியிலேயே நாலு வார்த்தை பேசலாம் என்று ஆசை. 33 எழுத்தும் பழகிவிட்டேன். இலக்கணத்தில் 7 வேற்றுமை அட்டவணையைப் பார்த்ததும் மலைப்பாகிவிட்டது. எங்கிருந்து தொடங்கட்டுங்க?
- வாசகி, பெருமாநல்லூர்

பதில்: முதலில் அந்த அட்டவணையை மூடி வையுங்கள். தமிழில் 8 வேற்றுமை, அதைப் பள்ளியிலேயே படித்தவர் நீங்கள். ஈரோடு நம் வாயில் தானாக 'ஈரோட்டில்' ஆகிறதே, அதேபோல ல்வீவ் நகரம் அங்கே 'உ ல்வோவி' ஆகும். கடைசியில் ஓர் 'இ' சேர்ந்து, உள்ளே இருந்த 'ஈ'யும் 'ஓ'வாக மாறுகிறது, நமக்குப் புதுசு முன்னால் நிற்கும் அந்த 'உ' மட்டும்தான். 'வொதா' என்றால் தண்ணீர், தண்ணீரைக் குடிக்கிறேன் என்றால் 'பியூ வொது'. இந்த இரண்டு வேற்றுமையையும் முழு வாக்கியமாகவே பழகுங்கள், மற்றவை அப்புறம் வரட்டும். விளிவேற்றுமைகூட இருக்கிறது: 'ப்ராத்' என்ற சகோதரனைக் கூப்பிடும்போது 'ப்ராத்தே', நம் 'மகனே' மாதிரி.

இன்னொரு நிம்மதி, 'நான் மாணவி' என்பதற்கு 'யா ஸ்துதென்த்கா' போதும், நடுவில் இங்கிலீஷ் மாதிரி எதுவும் தேவையில்லை. நீ, நீங்கள் வித்தியாசமும் உண்டு: 'தி', 'வி'. வேலை விஷயமாகப் பேசும்போது 'வி'தான்.

உண்மையான கஷ்டம் பால் பாகுபாட்டில். நமக்கு மேசையும் புத்தகமும் அஃறிணை, அவ்வளவுதான். அவர்களுக்கு மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், ஜன்னல் இரண்டும் இல்லாத மூன்றாம் பால். அடைமொழியும் கூடவே மாறும்: 'நொவிய் ஸ்தீல்' புது மேசை, 'நொவா க்னிஷ்கா' புதுப் புத்தகம், 'நொவே விக்னோ' புது ஜன்னல். மெய்யில் முடிந்தால் ஆண், 'ஆ'வில் முடிந்தால் பெண், 'ஓ'வில் முடிந்தால் மூன்றாவது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம், ஆனால் இரவு என்ற 'நீச்' மெய்யில் முடிந்தும் பெண்பால். அதனால் எந்தப் பெயர்ச்சொல்லையும் தனியாக மனப்பாடம் செய்யாமல், பக்கத்தில் ஒரு அடைமொழி சேர்த்தே எழுதுங்கள்.

வினைச்சொல்லை ஜோடியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 'ச்சித்தாவ்' என்றால் படித்துக்கொண்டிருந்தான், 'ப்ரோச்சித்தாவ்' என்றால் படித்து முடித்தான். முடிந்ததைச் சொல்லும் வினைக்கு நிகழ்காலமே கிடையாது, நிகழ்காலம் போலத் தெரியும் அதன் வடிவம் எதிர்காலத்தைத்தான் குறிக்கும். இது கொஞ்ச நாள் குழப்பும், பரவாயில்லை, விடாமல் படியுங்கள்.